மலாவியில் கிணறு போடப்போகும் பிள்ளைகளுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வெளிநாட்டில் வளர்ந்த நம் பிள்ளைகள் சிலர் மலாவி நாட்டுக் கிராமங்களில் குழாய்க்கிணறு போடக் காசு சேர்ப்பது பற்றி உங்கள் வாசகர் பக்கத்தில் வந்த கடிதங்களைப் படித்தேன். வன்னியில் இல்லாத கஷ்டமா ஆபிரிக்காவில் என்று ஒருவர் கேட்டிருந்தார். அந்தக் கேள்வி எனக்குச் சரியாகப் படவில்லை. 2009இல் போரில் இடம்பெயர்ந்து செட்டிகுளம் முகாமில் வரிசையில் நின்று மாவும் பருப்பும் வாங்கியபோது, தந்தது எந்த நாடு என்று நாங்கள் பார்க்கவில்லை. வாங்கிய கை கொடுக்கவும் வேண்டும். காசு சேர்ப்பவர்களில் என் தங்கையின் மகனும் ஒருவன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

என் கவலை வேறு. நான் குழாய்க்கிணறு திருத்தும் வேலை செய்தவன். மீள்குடியேற்றத்துக்குப் பிறகு இங்கே எத்தனையோ நிறுவனங்கள் வந்தன. நல்ல மனதோடுதான் வந்தார்கள். எங்கள் பக்கத்துப் பாடசாலை மதிலோரம் ஒரு கைப்பம்பு போட்டார்கள். நாடா வெட்டி, படம் எடுத்து, பெயர்ப்பலகையும் நட்டார்கள். பம்புக்குள்ளே மேலும் கீழும் போய்வரும் பிஸ்டனில், தண்ணீர் கசியாமல் பிடிக்க ஒரு வாசர் இருக்கும், உள்ளங்கைக்குள் அடங்கும் சாமான். அது தேய்ந்தால் கைபிடி பாரமில்லாமல் ஆடும், எவ்வளவு அடித்தாலும் தண்ணீர் ஏறாது. அந்த வாசரை எங்கே வாங்குவது, காசு யாருடையது, குழாயைக் கழற்றித் தூக்க யாரைக் கூப்பிடுவது? ஒன்றும் பேசி வைக்கப்படவில்லை. திட்டக்காலம் முடிந்தது, அவர்கள் போய்விட்டார்கள். பெண்கள் பழையபடி கானைத் தூக்கிக்கொண்டு தோட்டக் கிணற்றுக்கு நடந்தார்கள்.

ஆபிரிக்காவில் இதே பிழை பெரிய அளவிலும் நடந்திருக்கிறது. பிள்ளைகள் ஏறிச் சுற்றி விளையாட, அந்தச் சுற்றில் தண்ணீர் மேலே ஏறும் ‘பிளேபம்ப்’ என்றொரு பம்பு தென்னாபிரிக்காவிலிருந்து வந்தது. 2006இல் அமெரிக்காவில் அதற்கு 1 கோடி 64 இலட்சம் டொலர் அறிவித்தார்கள். 2010க்குள் 4,000 பம்புகள் என்பது இலக்கு. ஒன்றுக்கு ஏறக்குறைய 14,000 டொலர். பிள்ளைகள் நாள் முழுக்க விளையாடுவார்களா? அவர்கள் இல்லாத நேரத்தில் தாய்மார்தான் குனிந்து நின்று அந்தச் சக்கரத்தைத் தள்ள வேண்டியிருந்தது. பழுதானால் ஊரில் திருத்த ஆளில்லை. இலக்குக்குக் கிட்டவும் போகாமல் அந்தத் திட்டம் நின்றது.

இத்தனைக்கும் மலாவியிலும் கென்யாவிலும் 1980களில் பாடுபட்டு உருவாக்கிய ‘அஃப்ரிடெவ்’ கைப்பம்பு இருக்கிறது. கிராமத்தவர்களே திருத்த வேண்டும் என்பதற்காகவே செய்தது. ஒரே ஸ்பனரால் கழற்றலாம். நிலத்துக்குள் இருக்கும் குழாயைத் தூக்காமலே பிஸ்டனை மேலே எடுத்து வாசரை மாற்றலாம். கனமான இரும்புக் குழாய்களை ஒவ்வொன்றாகக் கிளப்பித் தோள் நொந்தவனுக்கு இதன் அருமை தெரியும்.

ஆகவே பிள்ளைகளே, துளை போடும் இயந்திரத்துக்குக் காசு கட்டுமுன் ஊர்த் தலைவரிடமும் தண்ணீர் அள்ளும் பெண்களிடமும் போய் இருந்து கதையுங்கள். பக்கத்துக் கிராமத்தில் ஏற்கெனவே பழுதாகிக் கிடக்கும் பம்புகளைப் பாருங்கள். புதிதாய் ஒன்று போடும் செலவில் பழையவை பலவற்றைத் திருத்தலாம். உதிரிப்பாகம் எந்தக் கடையில் கிடைக்கும் என்று நேரில் போய் விசாரியுங்கள். மாதக் காசை யார் சேர்ப்பது, கணக்கை யார் வைப்பது என்பதை அந்த ஊர்ச் சங்கமே முடிவு செய்யட்டும். ஸ்பனரைப் பெண்கள் கையில் கொடுத்துப் பழக்குங்கள், பம்பு நின்றால் முதலில் நடக்கப்போவது அவர்கள்தான்.

இன்னொன்று. அங்கே மழை நவம்பர் முதல் ஏப்ரல் வரை. மழை தொடங்கியதும் சோளம் விதைப்பார்கள், அறுவடைக்கு முந்திய மாதங்களில் வீட்டில் தானியம் குறைந்துவிடும். நம் ஊரில் காலபோக நெல் விதைக்கும் நேரத்தில் கூட்டம் என்று கூப்பிட்டால் யார் வருவார்கள்? அங்கேயும் அப்படித்தான். ஜூன், ஜூலையில் போங்கள். அறுவடை முடிந்திருக்கும், சனம் ஆறுதலாக இருந்து பேசும்.

இப்படிக்கு,
குழாய்க்கிணறு திருத்துநர் ஒருவர்,
ஒட்டுசுட்டான்.