செயலாளர் ஆண்டறிக்கை: அற்புதமும் ஆரூடமும்

தலைவர் ஐயா அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வண்டிப்பெரியாற்றில் இயங்கும் நம் வாசகர் வட்டம் இந்த ஆண்டு முழுவதும் எடுத்துக்கொண்ட பொருள் இது. ஆடி மழையில் நின்றுபோன ஒன்றைத் தவிர மாதக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன.

மணிமேகலையில் தொடங்கினோம். வஞ்சியில் அவள் கேட்டறியும் அளவைகளில், அதாவது உண்மையை அறியும் வழிகளில், ஐதிகமும் ஒன்று. ஊரார் பேச்சை நம்பித் தெளிவது அது; ‘இந்த மரத்தில் பேய் உண்டு’ என்பது காப்பியம் தரும் சான்று. அடுத்து ஸ்காட்லாந்துத் தத்துவ அறிஞர் டேவிட் ஹியூம் 1748-இல் எழுதியதைப் பேசினோம். அற்புதம் நடந்திருப்பதைவிடச் சாட்சி பிழைத்திருப்பதுதான் நம்ப அரிது என்றால் மட்டுமே அந்தச் சாட்சியை ஏற்கலாம் என்கிறார் அவர்.

“அப்படியானால் எங்க பாட்டி பொய் சொன்னாரா?” என்று ஓர் உறுப்பினர் கேட்டார். இவ்வாண்டின் சிறந்த கேள்வி அதுவே. 1995 செப்டம்பர் 21 அன்று பிள்ளையார் பால் குடித்ததைப் பாட்டி கண்ணால் பார்த்தவர். அதைச் சோதிக்க, கேசரிப் பவுடர் கலந்த பாலைக் கரண்டியில் எடுத்து ஆட்டுக்கல் குழவியில் ஒட்டிச் சாய்த்தோம். கரண்டி மெல்லக் காலியானது. குழவியின் அடிவரை சிவப்பாக ஒரு கோடு இறங்கியிருந்தது. பரப்பு இழுவிசை பாலை இழுக்க, அது கல்லோடு ஒட்டி மெல்லிய படலமாக வழிகிறது. வெள்ளைப் பாலில் அந்தக் கோடு கண்ணுக்குப் படாது. பாட்டி பார்த்ததைத்தான் சொன்னார்.

தானாகத் தோன்றுவதாகப் பலர் நம்பிய சபரிமலை மகரவிளக்கை ஏற்றுவது மனிதர்களே என்று 2011-இல் தேவசம் போர்டு கேரள உயர்நீதிமன்றத்தில் தெரிவித்ததையும் பேசினோம். அந்த ஜனவரியில்தான் அதைக் காண வந்த பக்தர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் புல்லுமேட்டு நெரிசலில் மாண்டனர். ஆண்டுதோறும் மாலை போடும் உறுப்பினர் ஒருவர், “விளக்கை யார் ஏற்றினாலும் நான் கும்பிடுவேன்” என்றார். அவருடைய பக்தியில் நமக்கு வழக்கில்லை.

ஆரூடம்தான் நம்மை நேரடியாகச் சுட்டது. பெரியாறு அணை இன்ன நாளில் உடையும் என்று ஒரு வாட்ஸ்அப் குரல்செய்தி பரவி, தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களில் தாய்மார்கள் ரேஷன் கார்டைப் பையில் கட்டிக்கொண்டு விழித்திருந்தார்கள். நாள் கடந்தது, அனுப்பியவர்கள் வாயே திறக்கவில்லை. அணையின் பாதுகாப்பு, நீர்மட்டத்தையும் கசிவையும் அளந்து பேச வேண்டிய காரியம். பலித்த ஆரூடத்தை ஊரே சொல்லும், பொய்த்ததை எவரும் எழுதி வைப்பதில்லை. அதற்காகவே குறிப்பேடு ஒன்று தொடங்கினோம். என்ன, எங்கே, எப்போது ஆகிய மூன்றையும் முன்கூட்டியே எழுதிக் கையெழுத்து வாங்குகிறோம். நாள் சொல்லாத ஆரூடத்தைப் பதிவதில்லை.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். ஒவ்வொரு லயத்திலும் இத்தகைய குறிப்பேடு வைக்கப் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.

செயலாளர்