ஐஸ் பெட்டிக்குள் இருந்த நாவல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து, கையால் எழுதி வைத்திருந்த என் நாவலின் நோட்டுப் புத்தகங்கள் நனைந்துபோன அந்த மழை இரவைப் பற்றி எதுவும் எழுதப்போவதில்லை. பாதிப் பேர் நேரில் வந்து பார்த்தீர்கள். மீதிப் பேர் தொலைபேசியில் கேட்டுக் கேட்டே ஓய்ந்துபோனீர்கள். நோட்டுகள் பிழைத்துவிட்டன. எல்லாமும் அல்ல, ஆனால் நாவல் நாவலாகத்தான் இருக்கிறது. என் கதாநாயகி நறுவீ உயிரோடு இருக்கிறாள். நேற்று மாலை கடைசிக் கட்டும் உலர்ந்து மேசைக்கு வந்து சேர்ந்தது. அந்தக் கை நடுக்கம் அடங்குவதற்குள் இதை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நன்றி சொல்வதென்றால் மூத்தவர்களிலிருந்து தொடங்குவது வழக்கம். மன்னிக்க வேண்டும், நான் பெங்களூரு சிவாஜி நகர் ரஸ்ஸல் மார்க்கெட்டின் மீன்கடை ஒன்றிலிருந்து தொடங்குகிறேன்.

மறுநாள் காலை, ஆவணக் காப்பகத்தில் வேலை பார்த்த தோழி ஒருத்தி தொலைபேசியில் என்னை ஏறக்குறைய அதட்டினாள். வெயிலில் போடாதே. ஒட்டிக்கொண்ட தாள்களை நகத்தால் பிரிக்காதே. இஸ்திரிப் பெட்டியைத் தொடவே தொடாதே. நனைந்த தாளில் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை தலைகாட்டிவிடும், அதற்குள் உறைய வைத்துவிடு. உறைய வைத்தால் தாள் காய்ந்துவிடாது, ஆனால் அழுகுவது அப்படியே நின்றுவிடும். பிறகு நமக்கு முடிகிற வேகத்தில் ஒவ்வொன்றாக எடுத்து உலர்த்தலாம். மைனஸ் 18 டிகிரி இருந்தால் நல்லது என்றாள்.

சொல்வது அவளுக்கு எளிது. எங்கள் குளிர்பதனப் பெட்டியே தண்ணீருக்குள் நின்றது. தெருவில் மின்சாரம் இல்லை. ஐஸ்கிரீம் கிடங்கு ஒன்றில் கேட்டதற்கு, உணவுப் பொருள் தவிர வேறெதையும் வைக்க விதி இடம் தராது என்றார்கள். நியாயம்தான், என் நாவலை யாரும் உணவுப் பொருள் என்று சொல்ல முடியாது. கடைசியில், தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் கட்டிகளை நிரப்பி அதற்குள் நோட்டுகளை அடுக்கிவிடலாம் என்று முடிவு செய்து, பையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ ஏறினேன்.

ரஸ்ஸல் மார்க்கெட் 1927 முதல் அங்கே நிற்கிறது. எத்தனையோ வருடங்களாக ஞாயிறு காலைகளில் நான் மீன் வாங்கும் கடை அது. கடைக்கார பாயிடம் அதுவரை நான் பேசியதெல்லாம் விலையும், வஞ்சிரத்தை எந்த கனத்தில் வெட்ட வேண்டும் என்பதும்தான். அன்றைக்குப் போய், “பாய், ஐஸ் வேண்டும், பெரிய பெட்டி நிறைய” என்றேன். அவர் கத்தியைக் கீழே வைத்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, “டீச்சரம்மா, வீட்டில் யாருக்காவது...” என்று நிறுத்தினார்.

பெட்டி நிறைய ஐஸ் கேட்டு ஒருத்தி கலங்கிய முகத்தோடு வந்து நின்றால் நம் ஊரில் வேறென்ன நினைப்பார்கள்? “இல்லை பாய், நோட்டுப் புத்தகம்” என்றேன். அதைச் சொன்ன பிறகுதான் நான் அழுதேன் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

அவர் சிரிக்கவில்லை. குழாயடிக்குப் போய்க் கையை சோப்புப் போட்டு, முழங்கை வரை கழுவி, ஒரு சுத்தமான துண்டில் துடைத்துக்கொண்டு வந்தார். பையைத் திறந்து மேலே இருந்த நோட்டை இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தார். மீன் புதியதா என்று பார்க்கும் அதே அழுத்தம். “ஐஸ் உருகும். உருகினால் மறுபடியும் தண்ணீர். உங்களுக்கு இதுவரை வந்த தண்ணீர் போதவில்லையா?” என்று கேட்டுவிட்டு, கடைக்குப் பின்னால் மின்சாரத்தில் ஓடிக்கொண்டிருந்த பெரிய ஐஸ் பெட்டியின் (ஃப்ரீசர்) மூடியைத் தூக்கினார்.

அதற்குள் இருந்த இறால் பொட்டலங்கள் பக்கத்துக் கடைக்கு இடம் மாறின. வஞ்சிரத் துண்டுகள் ஒரு பக்கமாக ஒதுங்கின. என் கதாநாயகியின் வஞ்சினம் வஞ்சிரத்துக்குப் பக்கத்தில் படுத்தது. நோட்டுகளை மொத்தமாக உள்ளே வைக்கப் போன என்னைத் தடுத்து, ஒவ்வொன்றையும் தனித்தனி பிளாஸ்டிக் உறையில் போடச் சொன்னார். “சேர்த்து வைத்தால் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும். இறாலையே பரப்பி வைத்துத்தான் உறைய வைப்போம்.” அன்று மாலை தோழியிடம் இதைச் சொன்னபோது, காப்பகத்தில் தனக்குச் சொல்லிக் கொடுத்ததும் இதேதான் என்றாள். ஒவ்வொரு உறையின் மேலும் மார்க்கர் பேனாவால் தேதி எழுதினார். வந்த சரக்கின் மேல் தேதி எழுதாமல் பெட்டிக்குள் விடுவது அவர் வழக்கத்தில் இல்லை.

எவ்வளவு நாளுக்கு என்று அவர் கேட்கவில்லை. வாடகை பற்றிப் பேச்செடுத்தபோது, “பெட்டி எப்படியும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. மீனுக்கா நோட்டுக்கா என்று பார்த்தா ஓடுகிறது?” என்றார். ஒரு பெட்டியின் கால்வாசியை மாதக்கணக்கில் விட்டுக்கொடுப்பது மீன் வியாபாரத்தில் என்ன நஷ்டம் என்பது, வஞ்சிரம் விற்கும் விலை தெரிந்த எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் அவர் வேறொரு வாடகை வசூலித்தார். கட்டுக் கட்டாகத்தானே உலர்த்த முடியும்? அடுத்த கட்டை எடுக்கப் போகும்போதெல்லாம் அதில் இருக்கும் கதையைச் சொல்லிவிட்டுத்தான் எடுத்துப்போக வேண்டும். எங்களைப் போலவே தமிழ் பேசுவார், வீட்டில் தக்னி, அதாவது தென்னாட்டு உருது. படிப்பது உருதுவும் கன்னடமும். தமிழ் எழுத்து தெரியாது. எனவே வாயால் சொன்னேன். உவர்நாட்டில் நாடு கடத்தப்படுகிறவர்களின் நிழலை அறுத்து அரண்மனைக் கருவூலத்தில் பூட்டி வைப்பார்கள். நிழல் இல்லாதவருக்கு ஒரு வாய்த் தண்ணீர் கொடுத்தவருக்கும் அதே தண்டனை. செய்யாத கொலைக்காக நிழலை இழந்த நறுவீ, உப்புப் பாலைகளைக் கடந்து பிழைத்து, தன் நிழலை மீட்டு, பூட்டியவர்களைப் பழிவாங்கத் திரும்பி வருகிறாள். உங்களில் பலருக்கு மனப்பாடமாகிவிட்ட கதைதான்.

இதைக் கேட்கிற எல்லோரும் கடைசியில் அவள் அரசனைக் கொன்றாளா என்றுதான் கேட்பார்கள். பாய் கேட்டது வேறு. “யாரும் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்றால் இவள் எப்படிப் பிழைத்தாள்? யாரோ கொடுத்திருக்க வேண்டுமே?”

ஓர் ஓடக்காரர் கொடுத்தார் என்றேன்.

“அவர் பெயர் என்ன?”

பெயர் இல்லை. ஏழாம் அத்தியாயத்தில் மூன்று வரிகளில் வந்து, தண்ணீர் கொடுத்துவிட்டுப் போகிறவர்.

“அவர் நிழலை அறுத்தார்களா, விட்டார்களா?”

எனக்குத் தெரியவில்லை. என் நாவல், எனக்கே தெரியவில்லை. பாய் தலையை ஆட்டிவிட்டு, அடுத்த வாடிக்கையாளருக்கு மத்தி நிறுக்கப் போய்விட்டார்.

அன்று முதல் இந்தக் கேள்வி என்னை விடவில்லை. நாடு நீங்கிப் போகிறவர்களின் கதைகள் நம்மிடம் ஏராளம். பழி முடிக்கும் கதைகளும் அதே அளவுக்கு உண்டு. அவர்களுக்கு இடம் கொடுத்தவர்களை நாம் எவ்வளவு தூரம் நினைவில் வைத்திருக்கிறோம்? கண்ணகி என்றதும் சிலம்பை உடைத்ததும் மதுரை எரிந்ததும் கண்முன் வருகின்றன. அதே மதுரையின் ஆயர்பாடியில் அவளை அடைக்கலமாக ஏற்றவள் மாதரி. வேலியிட்ட வீட்டைக் கொடுத்தாள், தன் மகள் ஐயையைத் துணைக்குக் கொடுத்தாள், சமைக்கப் புதுப் பாத்திரங்களும் மாதுளங்காயும் வெள்ளரியும் மாம்பழமும் வாழைப்பழமும் சாலி அரிசியும் மோரும் நெய்யும் கொடுத்தாள். கொடுத்ததை எல்லாம் இளங்கோ ஒவ்வொன்றாகச் சொல்லியிருக்கிறார், அவசரப்படவே இல்லை. அடைக்கலமாக வந்தவளைக் காக்க முடியாமல் போன துயரத்தில் மாதரி தீயில் இறங்கினாள் என்பதைப் பள்ளியில் நான் பாடம் நடத்தும்போது ஒரு வாக்கியத்தில் கடந்து போயிருக்கிறேன். ஊரை எரித்த தீ தேர்வில் வரும். இந்தத் தீயைப் பற்றி யாரும் வினா கேட்பதில்லை.

எங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று உண்டு. 1991 டிசம்பரில், காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவை ஒட்டி இங்கே பெங்களூருவில் தமிழர்களுக்கு எதிராகக் கலவரம் நடந்தபோது அப்பா எங்களை அழைத்துக்கொண்டு வேலூருக்குப் போய்விட்டார். வீட்டுச் சாவி எதிர்வீட்டுக் கன்னடக்காரரிடம் இருந்தது. திரும்பி வந்தபோது மாடித் தொட்டிகளில் ஒரு செடிகூட வாடியிருக்கவில்லை. அப்பா தம் கோபத்தைக் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார், சொல்வதற்கு அவருக்குக் காரணமும் இருந்தது. செடிகளைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை. இந்த நாவலை எழுதத் தூண்டியது அப்பாவின் கோபம் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

அல்சூர் ஏரிக்கரை வழியாகத்தான் தினமும் பள்ளிக்குப் போகிறேன். அங்கே இருக்கும் திருவள்ளுவர் சிலை 1991-இல் நிறுவப்பட்டு, கன்னட அமைப்புகளின் எதிர்ப்பால் திறக்க முடியாமல் 18 ஆண்டுகள் மூடியே கிடந்தது. நின்ற இடத்தை விட்டு நகராமலே ஒருவரை நாடு கடத்தலாம் என்பதற்கு அவரைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 2009 ஆகஸ்ட் 9 அன்று திரை விலகியது. அதே மாதம் 13 அன்று சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலையைத் திறந்தார்கள். பதிலுக்குப் பதில் என்பதை அரசியல்வாதிகள் ஒரே ஒரு முறை இப்படிச் செய்து காட்டினார்கள். நாவலாசிரியர்களுக்கு அந்தக் கற்பனை ஏனோ வருவதில்லை. எங்களுக்குக் கருவூலம் பற்றி எரிந்தால்தான் நிறைவு.

ஆகவே ஓடக்காரருக்கு ஒரு பெயர் வைக்கப்போகிறேன். ஒரு முழு அத்தியாயமும் உண்டு. அது கதையின் வேகத்தைக் குறைக்கும் என்று பதிப்பாளர் சொல்வார். குறையட்டும். இதில் நான் இறங்கி வரப்போவதில்லை என்று இப்போதே எல்லோர் முன்னிலையிலும் சொல்லி வைக்கிறேன்.

மற்றவர்களையும் சொல்ல வேண்டும். மாடி வீட்டுக் கன்னட அம்மா பூண்டுகூடச் சேர்க்காதவர். மீன்பெட்டியிலிருந்து வந்த நோட்டுகளைத் தன் கூடத்துத் தரை முழுவதும் விரித்துக் காயப்போட இடம் கொடுத்தார், ஒரு முறைகூட மூக்கைச் சுளிக்கவில்லை. (முதல் நோட்டில் லேசாக மீன் வாசனை இருக்கத்தான் செய்கிறது. உப்பளத்து அத்தியாயங்கள் அவை, இருந்துவிட்டுப் போகட்டும்.) தாள்களுக்கு இடையில் வைக்க உறிஞ்சுதாள் தேடி அவென்யூ ரோட்டின் கடைகளை எல்லாம் அலசிய இரண்டு இளைஞர்கள், மேசை விசிறியைக் கொண்டுவந்து தந்து அதைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்த பொறியாளர், உலர்ந்த பக்கங்களை இரவு இரவாகப் படமெடுத்த என் பழைய மாணவிகள், சம்பளத்தோடு விடுப்புக் கொடுத்த தலைமையாசிரியை, வாசிப்புக் கூட்டங்களில் நான் கொடுத்திருந்த ஜெராக்ஸ் பிரதிகளைப் பரணிலிருந்து தேடி எடுத்து அனுப்பிய நீங்கள் எல்லோரும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுத வேண்டும், எழுதுவேன்.

சேதம் எவ்வளவு என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். பால்பாயிண்ட் பேனாவால் எழுதியவை அப்படியே நிற்கின்றன. ஜெல் பேனாவால் போட்ட சிவப்புத் திருத்தங்கள் பெரும்பாலும் கரைந்து, ஓரங்களில் இளஞ்சிவப்புக் கறையாகத் தங்கிவிட்டன. வருடக்கணக்காக வெட்டியும் ஒட்டியும் சீராக்கிய வாக்கியங்கள் போய், முதன்முதலில் எழுதியது மட்டும் மிஞ்சியிருக்கிறது. படித்துப் பார்த்தால், பல இடங்களில் அதுவே மேலாக இருக்கிறது என்பது கொஞ்சம் கடுப்பாகத்தான் இருக்கிறது.

ஒன்பதாம் அத்தியாயம் மட்டும் முற்றிலும் போய்விட்டது. அந்த நோட்டை மைப்பேனாவால் எழுதியிருந்தேன். நிழல்கள் பூட்டப்பட்ட கருவூலத்தின் காவலாளி நறுவீயிடம் பேசும் பகுதி அது. கோடை விடுமுறைக் கூட்டத்தில் அதை வாசித்து, நான்கைந்து பேருக்குப் பிரதியும் கொடுத்தது நினைவிருக்கிறது. உங்களில் யாரிடமாவது இருந்தால், கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, ஞாயிற்றுக்கிழமை கொண்டுவாருங்கள். படமெடுத்துக்கொண்டு கையோடு திருப்பித் தந்துவிடுகிறேன். காலை பத்து மணிக்குள் என்றால் நான் மீன்கடையில் இருப்பேன், அங்கேயே வந்து கொடுக்கலாம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
அல்சூர், பெங்களூரு