சான்றிதழுக்கு முன் புகார்களைப் படியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கமிருந்து கோவை மென்பொருள் நிறுவனங்களுக்குப் போய்வரும் நம் பிள்ளைகளில் டெஸ்டிங், கஸ்டமர் சப்போர்ட் வேலையில் இருப்பவர்கள் உண்டு. ஒரு மென்பொருளில் எதை, ஏன் மாற்ற வேண்டும் என்று தீர்மானிக்கும் புராடக்ட் மேனேஜராக மாற நினைத்ததும் பணம் கட்டிச் சான்றிதழ் வாங்க ஓடுகிறார்கள். வெளி நிறுவனங்கள் பெரும்பாலும் முன் அனுபவம்தான் கேட்கும். இருக்கும் நிறுவனத்துக்குள்ளேயே மாறுவது எளிது.

மாற நினைப்பவர்கள் முதலில், பயனாளர்களிடமிருந்து வந்த கடைசி 100 புகார்களை எக்செல்லில் காரணவாரியாகப் பிரியுங்கள். ஓர் உதாரணம்: படிவத்தில் 'கடைசிப் பெயர்' கட்டாயம். நம்மவர்களுக்கு இருப்பது இனிஷியல். 'கே' என்று ஓரெழுத்தைப் போட்டால் சிவப்பில் மறுக்கும். அப்பா பெயரை முழுதாக எழுதினால் ஆதாரோடு பொருந்தாது. 'அந்தக் கட்டத்தை எடுங்கள்' என்று மட்டும் எழுதினால் அது பிழை அறிக்கை. எத்தனை பேர் அங்கேயே விட்டுப் போகிறார்கள், அந்த விதி ஏன் வந்தது, மாற்றினால் வேறெது உடையும், சிக்கல் தீர்ந்ததா என்பதை எந்த எண்ணால் அளப்பது என்று ஒரே பக்கத்தில் எழுதுவதுதான் புராடக்ட் வேலை. எண்களை எடுக்க, தரவுத்தளத்தில் தகவல் தேடும் மொழியான எஸ்க்யூஎல் அடிப்படை அளவில் தெரிந்தால் போதும்.

பிறகு 5 பயனாளர்களிடமாவது பேச வேண்டும். 'இந்த வசதி வேண்டுமா?' என்றால் மரியாதைக்கு ஆமாம் என்பார்கள். 'போன தடவை என்ன செய்தீர்கள்?' என்று கேளுங்கள். தமிழும் மலையாளமும் சரளமாகப் பேசுவது இங்கேதான் பெரிய பலம்.

நிறுவனங்கள் இவர்களுக்கு வாரம் 4 மணி நேரமாவது புராடக்ட் குழுவோடு உட்கார இடம் தர வேண்டும்.

வாசகர்கள் சிலர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்