அத்தையைக் கண்டுபிடித்துக் கொடுத்த தபால்தலை ஆல்பம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். மொரீசியஸ் தமிழர்கள் தமிழ்நாட்டில் பூர்வீக ஊர் தேடி அலைவதைப் பற்றிச் சென்ற ஞாயிறு எழுதியிருந்தீர்கள். நல்ல கட்டுரை. ஆனால் எங்கள் வீட்டுக் கதை நேர்மாறு. கொள்ளுத்தாத்தாவைத் தேடி இரண்டு தடவை மோக்கா போனேன், கிடைத்துவிட்டார். சொந்த அத்தையைக் கண்டுபிடிக்க இரண்டு வருடம் ஆயிற்று.

கொள்ளுத்தாத்தா கரும்புத் தோட்டத்துக்குக் கூலியாக வந்தவர். வெள்ளைக்காரன் அவருக்கு ஒரு எண் போட்டு, ஊர், வயது, உயரம், உடம்பில் உள்ள தழும்பு வரை பேரேட்டில் எழுதி வைத்தான். அந்தப் பேரேடுகள் இன்றும் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் பத்திரமாக இருக்கின்றன. அத்தை இங்கிலாந்துக்குப் போனது 1969ல், பிளேசான்ஸ் விமான நிலையத்திலிருந்து. சுதந்திரம் வந்து ஒரு வருடம்தான். இங்கே வேலை இல்லை, அங்கே ஆஸ்பத்திரிகளில் ஆள் இல்லை. நர்ஸ் படிப்புக்கென்று நம் பிள்ளைகள் எத்தனையோ பேர் கிளம்பினார்கள். அவர்களுக்கு யாரும் எண் போடவில்லை.

1973ல் அத்தை, வீட்டில் கேட்காமல், அங்கேயே ஒரு வெள்ளைக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டார். அதன்பிறகு வந்த கடிதங்களைத் தாத்தா அடுப்பில் போட்டார். எனக்கு அப்போது ஒன்பது வயது. உறை அடுப்புக்குப் போகும் முன் மூலையைக் கிழித்துக்கொண்டு ஓடிவிடுவேன். பேசினில் ஊறவைத்து, தபால்தலையை உரித்து, ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிக் காயவைப்பேன். ஒரு நாள் கடிதம் வருவதும் நின்றது. வீட்டில் அத்தை பேச்சை யாரும் எடுப்பதில்லை.

2021ல் அப்பா காலமானார். அலமாரியைக் காலி செய்தபோது அந்த ஆல்பம் கிடைத்தது. ராணியின் தலை மட்டும் இருக்கும் சின்னத் தபால்தலைகள். (பிரிட்டன் தபால்தலையில் நாட்டின் பெயர் இருக்காது.) லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஒன்றில் பாதி வட்ட முத்திரை: ஓல்டம், பிப்ரவரி 1974. லங்காஷயர் மாவட்டத்தில் பஞ்சாலைகளுக்குப் பேர்போன ஊர்.

அப்புறம்தான் குழப்பமே. 'யார்க்ஷயரில் வீடு வாங்கியிருக்கிறோம்' என்று அத்தை கடைசியாக எழுதியிருந்ததாகச் சித்தப்பா சத்தியம் செய்தார். யார்க்ஷயர் பக்கத்து மாவட்டம், ஓல்டம் லங்காஷயராயிற்றே! சரி, குடிமாறியிருப்பார் என்று லீட்ஸ், பிராட்ஃபோர்ட், ஹடர்ஸ்ஃபீல்ட் என்று தேடியதில் ஒரு வருடம் போயிற்று. கடைசியில் பார்த்தால் முத்திரையும் சரி, சித்தப்பாவும் சரி. ஓல்டத்தை ஒட்டி மலைச்சரிவில் சேடில்வொர்த் என்று சில கிராமங்கள். தபால் ஓல்டம் வழியாகப் போனாலும் ஊர் யார்க்ஷயரைச் சேர்ந்தது. 1974 ஏப்ரல் 1ஆம் தேதி மாவட்ட எல்லைகளை மாற்றி வரைந்தபோது, அந்தக் கிராமங்களைக் கிரேட்டர் மான்செஸ்டரில், ஓல்டத்தோடு சேர்த்துவிட்டார்கள். அங்கே உள்ளவர்கள் இன்றும் ஆகஸ்ட் 1ஆம் தேதி யார்க்ஷயர் தினம் கொண்டாடுகிறார்களாம்.

இப்படித் தேடுகிறவர்கள் என்னிடம் வந்து, 'பெண்கள் கல்யாணமானதும் புருஷன் பெயருக்கு மாறிவிடுகிறார்கள், எப்படித் தேடுவது?' என்று கையை விரிக்கிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். இங்கிலாந்தின் பிறப்புப் பதிவு அட்டவணையில் 1911 செப்டம்பர் காலாண்டிலிருந்து ஒவ்வொரு குழந்தையின் பெயருக்கு எதிரேயும் தாயின் பிறந்தவீட்டுப் பெயரையும் அச்சிட்டிருக்கிறார்கள். தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து ஏற்றியிருக்கும் ஃப்ரீபிஎம்டி தளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். அந்த மலைச்சரிவில் ஸ்மித்துகள் ஏராளம் இருப்பார்கள். எங்கள் குடும்பப் பெயரான முத்துசாமியில் எத்தனை பேர் இருக்க முடியும்? பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கேலி செய்த நீளப் பெயர் இங்கே கைகொடுத்தது.

எழுத்தைத்தான் பல விதமாகப் போட்டுப் பார்க்க வேண்டும். ஆங்கில எழுத்தில் முத்துசாமியின் 'மு'வுக்கு நம்மூரில் இரண்டு 'ஓ' போடுகிறோம். பக்கத்துத் தீவான ரியூனியனில் பிரெஞ்சு முறையில் 'ஓ'வும் 'யூ'வும். தமிழ்நாட்டில் வெறும் 'யூ'. அத்தையின் பெயரில் அந்த ஊர் எழுத்தர் ஒரு 'ஓ'வை விழுங்கியிருந்தார். ஐந்தாவது தடவை மாற்றிப் போட்டபோது 1975ல் ஒரு ஆண் குழந்தை அகப்பட்டது. அதிலிருந்து பின்னால் போய்க் கல்யாணப் பதிவு.

சான்றிதழ் சவுத்போர்ட்டில் உள்ள பதிவு அலுவலகத்திலிருந்து தபாலில் வந்தது. அந்தக் காலத்துக் கல்யாணச் சான்றிதழில் பெண்ணின் தகப்பன் பெயரும் தொழிலும் கேட்பார்கள். தாய்க்கு இடமே கிடையாது. அந்தக் கட்டத்தில் தாத்தாவின் முழுப்பெயர். தொழில்: கரும்புத் தோட்ட மேற்பார்வையாளர். தாத்தா கூலிகளை வேலை வாங்கும் வெறும் சர்தார்தான், மேற்பார்வையாளர் என்பதெல்லாம் அத்தை கொடுத்த பதவி உயர்வு. அதை என் சித்தப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். எழுந்து தோட்டத்துப் பக்கம் போய்விட்டார்.

அந்த ஊர் நூலகத்துக்கு ஒரு கடிதம் போட்டேன். நூலகர் அதை அத்தை மகன் கையில் சேர்த்துவிட்டார். அத்தை இப்போது இல்லை. மகனுக்குத் தமிழும் தெரியாது, கிரியோலும் தெரியாது. வீடியோவில் பேசும்போது ஒரு விஷயம் கேட்டான்: 'ஒவ்வொரு வருடமும் கிறிஸ்துமஸ் முடிந்து சில வாரத்தில், பத்து நாள் அம்மா கறி மீன் தொடமாட்டார்கள். உடம்பு இளைக்கத்தான் என்று நாங்கள் நினைத்தோம். வேறு ஏதாவது காரணம் உண்டா?'

காவடி விரதம் என்று சொன்னேன். அது என்ன என்று கேட்டான். சொல்லி முடிக்க ஒரு மணி நேரமாயிற்று.

வரும் தைப்பூசத்துக்கு மனைவியோடு வருகிறான். விரதத்தை அங்கேயே ஆரம்பிக்கலாமா, பீர் மட்டும் குடிக்கலாமா என்று கேட்டு எழுதியிருக்கிறான். ஆரம்பிக்கலாம், பீர் கூடாது என்று பதில் போட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
ரோஸ்ஹில், மொரீசியஸ்