மாண்ட்ரியலிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

எல்லோரும் நலம். பனி கொட்ட ஆரம்பித்துவிட்டது. அம்மா கொடுத்தனுப்பிய பருப்புப்பொடி தீர்ந்துபோனது, அது ஒன்றுதான் குறை.

பேரன் பிரெஞ்சில் வெளுத்துக்கட்டுகிறான். பிரெஞ்சு பேசும் எங்கள் க்யூபெக் மாகாணத்தில் எங்களைப் போல் வந்து குடியேறியவர்களின் பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளிக்குத்தான் போகவேண்டும். வரலாற்றுப் பாடமும் அதற்கேற்றபடிதான். டொராண்டோவில் சித்தி பேத்தியிடம் 1917 என்று சொன்னால், முதல் உலகப்போரில் கனடாப் படை பிரான்சில் பிடித்த விமி குன்று என்பாள். இவனிடம் சொன்னால் கட்டாய ராணுவச் சேவை, அதை வைத்து நடந்த தேர்தல் என்கிறான்.

நீங்கள் வருஷக்கணக்கில் தேர்தல் வேலை பார்த்தவர், அதனால் இதைச் சொல்லியே ஆகவேண்டும். தானாக வந்து சேரும் ஆட்கள் போதவில்லை என்று பிரதமர் போர்டன் அந்த ஆகஸ்டில் கட்டாயச் சட்டம் கொண்டுவந்தார். இங்கிலாந்தின் சண்டைக்கு எங்கள் பிள்ளைகள் எதற்கு என்றது க்யூபெக். டொராண்டோ இருக்கும் பக்கத்து மாகாணம் ஒன்டாரியோவில், பள்ளிகளில் பிரெஞ்சை ஒடுக்கியிருந்த கோபம் வேறு. எதிர்க்கட்சித் தலைவர் லோரியே சட்டத்தை எதிர்த்தார். அவருடைய கட்சியின் ஆங்கிலம் பேசும் தலைவர்கள் பலர் போர்டன் பக்கம் போய்விட்டார்கள்.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. வீட்டிலிருந்த பெண்களில், போருக்குப் போனவர்களின் தாய், மனைவி, சகோதரி, மகள் ஆகியோருக்கு மட்டும் ஓட்டு. 1902-க்குப் பிறகு குடியுரிமை பெற்றவர்களில், எதிரி நாடுகளில் பிறந்த பெரும்பாலோரின் ஓட்டைப் பறித்தார்கள். பெண்ணுரிமை என்று இதற்குப் பெயர் சூட்டினால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். யார் நமக்குப் போடுவார்கள் என்று பார்த்துப் பட்டியல் தயாரித்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

சிப்பாய்களின் ஓட்டுச்சீட்டு இன்னும் மோசம். வேட்பாளர் பெயரே எழுதவேண்டாம், அரசா எதிர்க்கட்சியா என்று குறித்தால் போதும். தொகுதி எது என்று சிப்பாய் சொல்லாவிட்டால், எந்தக் கட்சிக்குப் போட்டானோ அந்தக் கட்சியே அந்த ஓட்டை ஒரு தொகுதியில் சேர்த்துக்கொள்ளலாம்! ஒரு ஓட்டு கணக்கில் இடிக்கிறது என்று ராத்திரி முழுக்க உட்கார்ந்து எண்ணியவர் நீங்கள்.

டிசம்பர் 17-ல் தேர்தல். போர்டனுக்கு 153 இடம், லோரியேவுக்கு 82. அந்த 82-ல் 62 க்யூபெக்கிலிருந்து மட்டும்; அங்கே மொத்தமே 65 தொகுதி. அடுத்த வசந்தத்தில் கட்டாயச் சேவையை எதிர்த்து க்யூபெக் நகரில் கலவரம். டொராண்டோவிலிருந்து வந்த படை சுட்டதில் நான்கு பேர் செத்தார்கள். விவசாயிகளின் பிள்ளைகளுக்கு விலக்கு என்று தேர்தலுக்கு முன் கொடுத்த வாக்குறுதியையும் ஏப்ரலில் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். இத்தனைக்கும் அந்தச் சட்டத்தால் போர்முனைக்குப் போய்ச் சேர்ந்தவர்கள் சுமார் 24,000 பேர்தான்.

தாத்தா இப்படிச் சீட்டு எண்ணியிருக்கிறாரா என்று பேரன் கேட்கிறான். நீங்களே அவனுக்குத் தனியாக ஒரு கடிதம் போடுங்கள். தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கிறான், கொஞ்சம் பெரிய எழுத்தாக எழுதினால் சரி. அம்மாவுக்கு என் அன்பு.

உங்கள் மகள்