காற்றாலையடியில் கிடந்த வௌவால்

பின்சர் கிரீக், ஆல்பெர்ட்டா, கனடா
செப்டம்பர் 6

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். முப்பந்தல் காற்றாலையில் கற்ற வேலையைத்தான் இங்கும் செய்கிறேன். ராக்கி மலையிலிருந்து இறங்கும் காற்றின் குளிர் மட்டுமே எனக்குப் புதிது. இந்த முறை ஒரு வௌவாலைப் பற்றி எழுத வேண்டும் என்று மனம் கிடந்து தவிக்கிறது.

சென்ற வாரம் காலையில் காற்றாலைக் கோபுரத்தின் அடியில், சரளைக்கல்மேல், காய்ந்த இலைபோல ஒன்று கிடந்தது. வெறிநோய் இருக்கலாம் என்பதால் கையுறை மாட்டிக்கொண்டு எடுத்துப் பார்த்தேன். பழுப்பு மயிரின் நுனியெல்லாம் உறைபனி படிந்தாற்போல் வெளுத்திருந்தது. கழுத்தைச் சுற்றி மஞ்சள், காதின் விளிம்பில் கறுப்பு. கால்களுக்கு நடுவே உள்ள வால் சவ்வு முழுவதும் அடர்ந்த மயிர். குளிரில் அந்தச் சவ்வையே போர்வையாக வயிற்றின்மேல் மடித்துக்கொள்ளுமாம். இறக்கை விரிப்பு 40 செ.மீ. வரை வரும் இதற்கு எடை என்னவோ 30 கிராம்தான். இங்கே இதை 'ஹோரி பேட்', அதாவது நரைத்த வௌவால் என்கிறார்கள்.

நம் ஊர்ப் பழந்தின்னி வௌவால்களைப்போல இவை கூட்டமாகத் தொங்குவதில்லை. குகையையும் நாடாமல், மரக்கிளையில் இலைகளுக்கு நடுவே தனித்துத் தங்கி, இரவில் விட்டில்களைப் பிடித்துத் தின்று, குளிர்காலம் நெருங்கும்போது தெற்கே வெகுதூரம் பறந்துபோய்விடுகின்றன. அந்தப் பயணம் ஆவணி மாதத்தில், காற்று அடங்கிய இரவுகளில் நடக்கிறது; காற்றாலைகளில் இவை அதிகம் சாவதும் அப்போதுதான். கோபுரத்தை உயர்ந்த மரம் என்று எண்ணி நெருங்குகின்றனவோ என்று ஆய்வாளர்கள் சிலர் கருதுகிறார்கள். வட அமெரிக்கக் காற்றாலைகளில் மடியும் வௌவால்களில் இந்த இனமே மிகுதி. தாய் ஆண்டுக்கு ஒருமுறை, பெரும்பாலும் இரண்டு குட்டிகளையே ஈனுகிறது. அப்படியிருக்க இழப்பை எப்படி ஈடுகட்டும்? கனடாவின் வல்லுநர் குழு 2023இல் இதை அழியும் ஆபத்திலுள்ள இனமாக அறிவித்தது.

தீர்வு நம் கைக்கு எட்டாததன்று, அப்பா. 2007இல் இதே தென்மேற்கு ஆல்பெர்ட்டாவில், காற்று நொடிக்கு 5.5 மீட்டரைத் தொடும்வரை காற்றாலையின் இறக்கைகளைச் சுழலவிடாமல் நிறுத்திப் பார்த்தபோது, வௌவால் சாவு பாதிக்கும் கீழே குறைந்தது. அவ்வளவு மெல்லிய காற்றில் கிடைக்கும் மின்சாரமும் சொற்பம் என்பதைக் காற்றாலையில் வேலை பார்க்கும் நான் உறுதியாகச் சொல்வேன். நான் வேலை செய்யும் காற்றாலைப் பண்ணையிலும் ஆவணி, புரட்டாசி இரவுகளில் இதைச் செய்ய வேண்டும் என்று மேலாளரிடம் எழுத்தில் கேட்டிருக்கிறேன். பதில் வரும்வரை தினமும் காலையில் கோபுரத்தடியில் தேடிக் கணக்கெழுதி வைக்கிறேன். நேற்று வரை நான்கு.

நம் வயலை ஒட்டிய காத்தாடிகளின் அடியிலும், தண்ணீர் பாய்ச்சப் போகும் அதிகாலையில், நாய்கள் வருமுன் ஒருமுறை பாருங்கள். ஏதேனும் கிடந்தால் கையால் தொடாமல், தம்பியிடம் சொல்லிப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகன்