படம் போட்டாச்சு, பணமும் வந்தாச்சு, அப்புறம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மூளையில் நீர் தேங்கி (ஹைட்ரோகெபாலஸ் என்பார்கள்) தலை பெருத்த கைக்குழந்தையின் படத்தைப் போட்டு, கீழே வங்கிக் கணக்கு எண்ணும் கொடுத்து, 'உதவுங்கள்' என்று அவ்வப்போது பத்திரிகைகளில் செய்தி வருகிறதே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். குறை சொல்ல அல்ல. 2013-ல் திரிபுராவில் ஒரு ஏழை வீட்டுக் குழந்தையின் படம் வெளிவந்த பிறகுதான் டெல்லி பக்கம் கொண்டுபோய் அதற்கு அறுவை சிகிச்சையே செய்தார்கள். 2017-ல் அந்தக் குழந்தை இறந்துபோனது. முதலில் வந்த படத்தைப் பார்த்தவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

என் மகள் இப்போது நான்காம் வகுப்பு. அவளுக்கும் இதே நோய்தான், தலையிலிருந்து நீரை வடிக்கக் குழாய் (ஷன்ட்) வைத்திருக்கிறது. மூளைக்குள் ஒரு நீர் எந்நேரமும் ஊறிக்கொண்டே இருக்கும், பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு அரை லிட்டர் அளவுக்கு. அது வடிய வழியில்லாமல் தேங்குவதுதான் இந்த நோய். பிறவியிலேயே பாதை குறுகியிருக்கலாம், குறைமாதத்தில் பிறந்து மூளையில் ரத்தம் கசிந்திருக்கலாம், மூளைக்காய்ச்சலுக்குப் பிறகும் வரலாம். கிரகணத்தன்று தாய் வெளியே வந்ததால் வராது. (இதை என் மாமியார் வீட்டுப் பக்கம் இன்னும் சிலர் நம்பத் தயாரில்லை, அது கிடக்கட்டும்.) தேங்கும் நீரைக் குழாய் காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் இறக்கி, வயிற்றுக்குள் கொண்டுபோய் விடுகிறது. தலை சீவும்போது சீப்பு அந்த மேட்டில் தட்டும். கழுத்தைத் தடவினால் கயிறு மாதிரி விரலுக்குத் தட்டுப்படும்.

அந்தக் குழாய் அடைக்கும். அபூர்வமாக அல்ல, சர்வசாதாரணமாக. குழந்தைகளுக்கு வைக்கும் குழாய்களில் கிட்டத்தட்ட பாதி, வைத்த இரண்டு வருடத்துக்குள்ளேயே பழுதாகிவிடுகின்றன. இதை எங்களிடம் ஒருவரும் உட்கார வைத்துச் சொல்லவில்லை. கையில் கொடுத்தது ஆங்கிலத்தில் டிஸ்சார்ஜ் சம்மரி, வாயால் சொன்னது "தையல் பிரிக்க வாங்க". அப்புறம் ஒருநாள் காலையில் அவள் எழுந்ததும் வாந்தி எடுத்து, தலையைப் பிடித்துக்கொண்டு சுருண்டு, கூப்பிட்டால் கண் திறக்காமல் தூங்கித் தூங்கி விழுந்தபோது உள்ளூர் டாக்டர் பித்தம் என்று மருந்து எழுதினார். பிழைக்க வைத்தது ஒரு போன்தான். ஆஸ்பத்திரியில் எங்களுக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்த பையனின் அம்மா, "அக்கா, இது குழாய் அடைப்பு, இப்பவே கிளம்புங்க" என்றாள். படிப்பு எட்டாவதுதான். ஆனால் அவள் பையனுக்கு ஏற்கெனவே இதே மாதிரி ஆகியிருந்தது.

அந்த ஒரு போன் எல்லாத் தாய்மாருக்கும் கிடைக்க வேண்டும் என்பதுதான் நான் கேட்பது. மூளை அறுவை நடக்கும் அரசு ஆஸ்பத்திரி ஒவ்வொன்றிலும் இதற்கென்று ஒரு நர்ஸ், அவரிடம் ஒரு செல்போன், பெற்றோரை ஒருவருக்கொருவர் பழக்கிவிட ஒரு குழு, எந்தக் குழாய், எப்போது வைத்தது, எந்த அறிகுறிக்கு ஓடி வர வேண்டும் என்று தமிழில் ஓர் அட்டை. இதற்குக் கட்டடமா கேட்கிறோம்?

குழு இருந்தால் பணமும் மிச்சமாகும். வெளிநாட்டுக் குழாய்தான் நல்லது என்று யாரோ சொன்னதைக் கேட்டு நகையை அடகு வைத்தவர்களை எனக்குத் தெரியும். உத்தரப்பிரதேசத்து ஷாஜகான்பூரில் தயாராகும் சாப்ரா குழாய் சில ஆயிரம் ரூபாய்தான். உகாண்டாவில் 195 குழந்தைகளிடம் இதையும் விலை கூடிய வெளிநாட்டுக் குழாயையும் வைத்து ஒரு வருடம் கவனித்து, பலனில் வித்தியாசம் இல்லை என்று 2005-லேயே எழுதிவிட்டார்கள்.

ஒன்றரை மாத ஊசிக்குப் போகும்போது எடை பார்க்கிறார்கள், தலையைச் சுற்றி ஒரு டேப்பை வைத்துப் பார்ப்பது எல்லா இடத்திலும் நடப்பதில்லை. முதல் மூன்று மாதம் தலைச்சுற்றளவு மாதம் சுமார் 2 செ.மீ. வளரும். அதைத் தாண்டி வேகமாகப் போனாலோ, உச்சிக்குழி புடைத்திருந்தாலோ, கருவிழி கீழே இறங்கி மேலே வெள்ளை தெரிந்தாலோ அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டியதுதான். திருஷ்டி கழித்துக்கொண்டு, தாயத்து கட்டிக்கொண்டு உட்காரும் ஒவ்வொரு வாரமும் மூளைக்குத்தான் சேதம்.

இன்னொன்று மாற்றுத்திறனாளி சான்றிதழ். 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் இருக்கின்றன, தலசீமியா, ஹீமோபிலியாகூட உண்டு, நியாயம்தான். இந்த நோய் தனியாக அதில் இல்லை. கால் வராவிட்டாலோ, பார்வை போனாலோ, புத்தி வளர்ச்சி குறைந்தாலோ அந்தக் கணக்கில் 40 சதவீதக் குறைபாடு காட்டினால்தான் சலுகை. என் மகள் நடக்கிறாள், வாய்ப்பாடு சொல்கிறாள், ஆகவே காகிதத்தில் அவளுக்கு ஒன்றுமில்லை. ஆனால் அவள் தலைவலி என்று சொன்னால் என் வீட்டுக்காரர் அன்றைக்கு வேலைக்குப் போக முடியாது, மதுரைக்குப் பஸ் ஏற வேண்டும். சில மாதம் பாதிக் கூலி இதற்கே போய்விடும்.

அடுத்த முறை இப்படி ஒரு குழந்தையின் படம் உங்களுக்கு வந்தால், வங்கிக் கணக்கு எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் போடுங்கள்: குழாய் வைத்த பிள்ளைக்கு வாந்தி, தலைவலி, அளவுக்கு மீறிய தூக்கம், காய்ச்சல், குழாய் போகும் வழியில் சிவப்பு, இதில் எது வந்தாலும் உள்ளூர் மருந்து வாங்கிக் கொடுத்துக் காத்திருக்காமல், அறுவை செய்த ஆஸ்பத்திரிக்கே போகவும். படத்தைச் சிறிதாக்கினாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
ஒரு தாய், தென்காசி மாவட்டம்